கன்னத்தில் சர்க்கரைக் கட்டி

காற்றில் புகை அதிகம் என்று அன்று இஸ்பஹானில் பள்ளிகளுக்கு விடுமுறை. அதனால் ஃபரங்கிஸ் தன் மகள் கோல்சினை தான் பழைய ஓவியங்களைப் பழுதுபார்க்கும் அருங்காட்சியக அறைக்கே கூட்டி வந்திருந்தாள். காவலாளியான நான் டீ கொண்டுபோனேன். குழந்தைக்கு ஒரு சர்க்கரைக் கட்டி கொடுத்தேன். வழக்கம்போல அதை இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்துகொண்டாள்.

மேசைமேல் அவள் சரிசெய்துகொண்டிருந்த பழைய ஓவியக் காகிதம். கறுப்பு மையில் ஒரு பூதம். அதன் காலில் பொன்னால் தீட்டிய சங்கிலி. பொன் அங்கங்கே உதிர்ந்திருந்தது; அதை மறுபடி தீட்டுவதுதான் அவள் வேலை.

"இதுக்கு நகை போட்டுப் போட்டே உங்க கண்ணு அவிஞ்சிடும், ஃபரங்கிஸ் கானும்."

"உங்க டீயைக் குடிச்சே உயிரோட இருக்கேன், நொஸ்ரத் ஆகா. கண்ணா போயிடும்?"

எங்கள் ஊரில் பெண்களை மரியாதையாகக் கானும் என்போம், ஆண்களை ஆகா என்போம். சிரித்துக்கொண்டே தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினாள். இங்கே ஓவியம் பழகிய எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. எச்சில் ஈரம் பட்டதும் சங்கிலியின் கடைசி வளையம் கரைந்து தூரிகையோடு வந்துவிட்டது. யோசிக்காமல் தூரிகையை மறுபடி உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

நனைந்த கம்பளி நாற்றம் அறையை நிறைத்தது.

மேசைக்கு அடியில் குழந்தை இல்லை.

உள்ளே வந்ததும் நான் பூட்டிய கதவு பூட்டியபடியே இருந்தது. சாவி என் இடுப்பில்.

ஃபரங்கிஸ் அலறினாள். காகிதத்தில், பூதத்தின் மடியில், மையில் வரைந்த ஒரு சிறுமி. இடது கன்னம் உப்பியிருந்தது.

"அம்மா, சங்கிலிய அழிச்சிடு. நான் வந்துடறேன்."

குரல் காகிதத்திலிருந்துதான் வந்தது. ஆனால் வாயில் கட்டியை வைத்திருக்கும் குழந்தை அவ்வளவு தெளிவாகப் பேசாது.

"வேணாம் கானும்! பேசுறது கோல்சின் இல்ல!" அவள் கையைப் பிடித்தேன்.

"எம்புள்ள கூப்பிடுறா! விடுங்க ஆகா, உங்க கால்ல விழறேன்!"

உதறினாள். தூரிகையை நக்கி நக்கிச் சங்கிலி முழுவதையும் கரைத்தாள். உதடெல்லாம் பொன்.

பின்னால் சின்னக் காலடி.

கோல்சின் நின்றுகொண்டிருந்தாள். ஃபரங்கிஸ் அவளைக் கட்டிக்கொண்டு கதறினாள். காகிதத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பூதம் இல்லை. சிறுமி மட்டும் அங்கேயே இருந்தாள்.

"கானும், படத்தைப் பாருங்க..."

"பார்க்க மாட்டேன்," என்று கிசுகிசுத்தாள். "இவ போதும் எனக்கு."

அதன் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலையில் நான்தான் அறையைத் திறந்தேன். காகிதத்தில் அந்தச் சிறுமியின் இடது கன்னம் ஒட்டியிருந்தது. சர்க்கரைக் கட்டி கரைந்து போயிருந்தது.