ஓடுபாதையில் காய்ந்த நெல்

"சப்பாத்தக் கழட்டுங்க."

அவன் திரும்பினான். மழைக்கு முந்திய வெளிச்சத்தில் அவள் கண்கள் மட்டும் பளிச்சென்று... கோபமாக...

"இது பிளேன் இறங்குற இடம், புள்ள."

"நீங்க மிதிக்கிறது நெல்லு."

சண்டையில் ஷெல் விழுந்து குழியான அந்த ஓடுபாதையில் மூன்று வருடமாக விமானமே இறங்கவில்லை. வாவியோர வட்டை வயலில் அறுத்த நெல்லைப் புஸ்பம் அந்தத் தாரில்தான் காயப்போடுவாள். குழிகளை மூடி மறுபடி விமானம் விடுவதற்காகக் கொழும்பிலிருந்து வந்திருந்தான், வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் அழகரத்தினம்.

"எந்த ஊர்?" என்றாள்.

"தேற்றாத்தீவுதான். கொழும்புக்குப் போய்ப் பத்து வருசம்."

"அதான் நெல்லு மறந்து போச்சாக்கும்."

சிரித்தபடி காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றினான். அந்தச் சிரிப்பை அவள் பார்த்திருக்கக் கூடாது... பார்த்துவிட்டாள். தூறல் விழுந்ததும், கேட்காமலே ஓலைக் கடகத்தை எடுத்து நெல்லை அள்ளினான்.

அதன்பின் தினமும் வெறுங்காலோடு வந்தான். காலால் நெல்லைக் கிளறப் பழகினான். வரி கோணலாகப் போகும்... அவள் சிரிப்பாள். குழிகள் மூடி முடிந்த ஒருநாள் மெல்லக் கேட்டான்:

"முதல் பிளேன்ல எனக்குச் சீட் போட்டிருக்காங்க. போனா இனி கொழும்புலதான் வேலை. நீங்க என்ன சொல்றீங்க?"

போகாதீங்க... சொல் தொண்டைவரை வந்தது. அண்ணனிடம் அப்படித்தான் கெஞ்சினாள். கொழும்புக்குப் போனவன் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. இனி எவனிடமும் கெஞ்சுவதில்லை என்று அன்றே முடிவெடுத்திருந்தாள்.

"போறவங்க போகலாம்."

அவன் முகம் சுருங்கியது.

விமானம் வரும் நாள் காலை, புஸ்பம் ஒரு கடகம் நெல்லைக் கொண்டுவந்து விமான நிலையக் கேற்றுக்கு முன்னால் வழிக்குக் குறுக்கே பரப்பினாள். காவலாளி பதறினார்.

"என்னகா இது? ஆக்கள் வாற வழி."

"ஒரு ஆளுக்குத்தான். அவர் போனதும் அள்ளிருவன்."

பையோடு வந்த அழகரத்தினம் நின்றுவிட்டான்.

"போறதெண்டா சப்பாத்தோட மிதிச்சிட்டுப் போங்க," என்றாள். கண் நிறைந்திருந்தது. தலை மட்டும் குனியவில்லை.

வாவிக்கு மேலே இரைச்சல் கேட்டது. அவன் பையை வைத்தான். சப்பாத்தைக் கழற்றினான். வெறுங்காலோடு நெல்லில் இறங்கினான். அப்படியே கடந்து போய்விடுவானோ?

நடுவில் நின்று, காலால் மெதுவாகக் கிளறத் தொடங்கினான்.

"கொழும்பு வேலை?" என்றாள்.

"மூடக் குழி இஞ்ச ரோட்டுல எவ்வளவு கிடக்கு. ஆனா நீங்க ஒரு சொல்லுச் சொல்லணும்."

"எனக்கு நீங்க வேணும். கெஞ்சல்ல... சொல்றன்."

"எனக்கும்தான் புள்ள... சப்பாத்தக் கழட்டச் சொன்ன நாளிலயிருந்து."

அவன் மூடிய குழிகளின் மேல் விமானம் குலுங்காமல் இறங்கியது. அதைப் பார்க்க அவன் திரும்பவேயில்லை.