எழுதி வைத்த தூக்கம்

குறட்டை படுக்கையறையிலிருந்துதான் வந்தது.

ஹாலில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த பள்ளி வேன்காரர் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மணி ஒன்றரை இருக்கும். ஃபிரிட்ஜ் ஒருமுறை உறுமி அடங்கியது, சமையலறைக் குழாய் தன் பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருந்தது, மேல் வீட்டில் யாரோ கட்டிலில் புரண்டு படுத்தார்கள். இத்தனைக்கும் நடுவே அந்தக் குறட்டை நீளமாக இழுத்து, ஒரு நொடி நின்று, சின்ன விசிலாக முடிந்தது. மூன்றாவது விசிலில்தான் அவருக்கு உறைத்தது. மனைவி குறட்டை விடுகிறவள் இல்லை. எட்டு வயது மகள் அடுத்த அறையில். அந்த விசில் அவருடையது. மகள் அதைப் போனில் பதிவு செய்து வைத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் போட்டுக் காட்டி மானத்தை வாங்கியிருக்கிறாள்.

எழுந்து போய்ப் பார்க்கலாம். பார்க்கவில்லை. ஒன்பது நாளாகத் தூங்காதவனுக்குக் காதில் என்னதான் விழாது என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சிக்னலில்தான் இதெல்லாம் தொடங்கியது. வேனில் பதினெட்டுப் பிள்ளைகள். பச்சை விழுந்தும் அவர் வண்டியை எடுக்கவில்லை. கை கியர் மேல் இருந்தது, நகரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. காரணம் கேட்டால் இன்றைக்கும் அவருக்குச் சொல்லத் தெரியாது. பின்னால் அத்தனை வண்டியும் கத்த, முன் சீட்டிலிருந்த ஒரு குட்டிப் பயல், "ஹாரன் மாமா, பச்சை விழுந்துடுச்சு" என்று சொல்லித் தன் கைக்குட்டையால் அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டான். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அன்று பள்ளி வாசலில் அம்மாக்கள் பார்த்த பார்வையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசியது. நிர்வாகம் மரியாதையாகவே பேசியது. சாவியை வாங்கிக்கொண்டு, டாக்டர் கடிதத்தோடு வரச் சொன்னது.

டாக்டரம்மா பொறுமைசாலி. "தூக்கத்துக்குத் தனியா, மனச்சோர்வுக்குத் தனியான்னு பிரிச்சுப் பார்க்க முடியாதுங்க. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சு இழுக்குது. சேர்த்துத்தான் பார்க்கணும்" என்றார். காலையில் ஒரு மாத்திரை. அப்புறம் ஒரு நோட்டு. படுத்த நேரம், தூங்கிய நேரம், நடுவில் எழுந்தது, காலையில் மனசு பத்துக்கு எத்தனை என்று கட்டம் போட்டிருந்தது. "இருபது நிமிஷத்துல தூக்கம் வரலைன்னா கட்டில்ல கிடக்காதீங்க. வெளிய போய் உக்காருங்க. தூக்கம் வந்தா மட்டும் திரும்பிப் போங்க. இன்னொண்ணு, நோட்டுல பொய் எழுதாதீங்க. அதை வச்சுத்தான் நான் வைத்தியம் பார்க்கணும்."

முதல் நாளே பொய் எழுதினார். தூங்கக்கூடத் துப்பில்லாதவன் என்று சொந்தக் கையெழுத்தில் எழுதிக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. 'பதினொன்று முதல் ஐந்தரை. மனசு: 8.' கைக்கு அது சுலபமாகவே வந்தது.

குறட்டை கேட்ட மறுநாள் காலையில் மனைவி தோளைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். "நேத்து நல்லா அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம். ராத்திரி பூரா கையைத் தூக்கி என் மேலயே போட்டிருந்தீங்க. தோள் விட்டுப்போச்சு."

ஆறுதலுக்குப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தார். நானும் பொய், அவளும் பொய், நல்ல குடும்பம். ஆனால் அவள் தோளில் ஒரு கையின் சிவந்த தடம் இருந்தது. அவர் முழு இரவும் நாற்காலியில் இருந்தார்.

அன்று இரவு, காலையில் எழுதப்போவதும் இதே பொய்தானே என்று முன்கூட்டியே எழுதிவிட்டார். தினமும் ஒரே மாதிரி இருந்தால் டாக்டரம்மா சந்தேகப்படுவாரே என்று ஒரு வரி சேர்த்தார். 'இரண்டு பத்துக்கு எழுந்து பாத்ரூம் போனேன். உடனே தூங்கிவிட்டேன்.'

இரண்டு பத்துக்குக் கட்டில் கிரீச்சிட்டது. தரையில் காலடி. இடது காலைக் கொஞ்சம் இழுத்து வைக்கிற காலடி, அவருடையதைப் போலவே. படுக்கையறையை ஒட்டிய பாத்ரூமில் விளக்கு எரிந்து, கதவுக்கு அடியில் ஒரு வெளிச்சக் கோடு ஹால் வரை வந்தது. தண்ணீர் ஊற்றும் சத்தம். விளக்கு அணைந்தது. மறுபடி அந்த விசில்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போக வேண்டும், கட்டங்கள் காலியாக இருக்கக் கூடாது. எழுதினார். எழுதியதெல்லாம் நடந்தது. வீட்டிலோ சந்தோஷம். மனைவியின் முகம் தெளிந்துவிட்டது. அவரைப் பார்த்துப் பேசுவதுதான் குறைந்தது. பகலில் இரண்டு தடவை கூப்பிட்டால் ஒரு தடவை திரும்பினாள்.

வெள்ளிக்கிழமை டாக்டரம்மா நோட்டைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "உங்க கண்ணைப் பார்த்தா இதை நம்ப முடியலையே. உண்மைதானே?"

சொல்லிவிட இதைவிட நல்ல இடம் ஏது? நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் மனைவி, "நான் கூடவே படுக்கிறேன் டாக்டர், சும்மா அசந்து தூங்கறார்" என்றாள், அவ்வளவு பெருமையாக.

"உண்மைதான் மேடம்" என்றார் அவர்.

கடிதம் கிடைத்தது, சாவியும் கிடைத்தது. ஞாயிறு மாலை வேன் வீட்டு வாசலில் வந்து நின்றது. விடிந்தால் பதினெட்டுப் பிள்ளைகள், அதில் ஒன்று அவருடைய மகள்.

அன்று இரவு அவர் வேன் சாவியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு வாரமாகக் கண் மூடாதவன் எந்தத் தைரியத்தில் ஸ்டியரிங்கைப் பிடிப்பது? வெட்கத்தைப் பார்த்தால் பிள்ளைகள் என்னாவது? நோட்டை எடுத்தார். முதல் முறையாக உண்மையை எழுதினார். 'தூங்கவில்லை. ஒரு நாள்கூடத் தூங்கவில்லை. எல்லாம் பொய்.' மனைவியை எழுப்பிக் காட்டிவிட வேண்டும். எழுந்தார்.

படுக்கையறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே போர்வையின் சூடு, தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசம். அவர் தேய்க்கும் எண்ணெய். விசில் கேட்டது. கண் இருட்டுக்குப் பழகியது. மனைவி. அவள் பக்கத்தில் ஒரு முதுகு. அவள் கை அந்த முதுகின் மேல்.

வாசல்படியில் நின்றார்.

மனைவி கண் திறந்தாள். நேராக அவரைப் பார்த்தாள். பள்ளி வாசலில் அம்மாக்கள் பார்த்த அதே பார்வை.

"ஏங்க..." அவள் அந்த முதுகைத் தட்டினாள். பேசியது அவரிடம் இல்லை. "எந்திரிங்க. வாசப்படியில யாரோ நிக்கிறாங்க."

அந்த முதுகு அசையவில்லை. அவருடைய குரலில், தூக்கக் கலக்கத்தோடு பதில் வந்தது. "தெனமும் வரும். கண்டுக்காத. இருபது நிமிஷம் நிக்கும். அப்புறம் ஹால்ல போய் உக்காந்துக்கும்."

நான்தான் என்று சொல்ல வேண்டும். நோட்டைக் காட்ட வேண்டும். அவள் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. தலையைக் குனிந்துகொண்டார்.

ஹாலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

விடிந்தது. எழ முடியவில்லை. மனைவி தேய்த்த காக்கிச் சட்டையோடு அவரைக் கடந்து போனாள். மகள் புத்தகப் பையைக் கொண்டுவந்து நாற்காலியில் வைத்தாள். அவர் மடியில். வைத்துவிட்டு ஷூ மாட்டினாள். பையின் கனம் தொடையில் அழுந்தியது. பிடித்துக்கொள்ளக் கை வரவில்லை. கத்த முயன்றார். காற்றுதான் வந்தது.

படுக்கையறையிலிருந்து வந்தவர் குளித்திருந்தார். தலை வாரியிருந்தார். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தார். கையில் வேன் சாவி. முகத்தில் நல்ல சிரிப்பு.

கண்கள் மூடியிருந்தன.

நீண்ட இழுப்பு. ஒரு நொடி நிறுத்தம். விசில்.

"வாப்பா, இன்னைக்கு நான்தான் ஹாரன் அடிப்பேன்" என்று மகள் பையை எடுத்துக்கொண்டு அந்தக் கையைப் பிடித்தாள்.

கதவு சாத்திக்கொண்டது. ஜன்னல் வழியே வேன் தெரிந்தது. முன் சீட்டில் மகள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் அந்தத் தலை, லேசாக ஒரு பக்கம் சாய்ந்து.

ஹாரன் மூன்று முறை அடித்தது. வேன் மெயின் ரோட்டுப் பக்கம் திரும்பி வேகமெடுத்தது.