ஓடிக்கொண்டிருந்த நீலக் கடிகாரம்

ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.05.

பன்னிரண்டு குழிகள் கொண்ட மரப்பெட்டியில் பதினோரு கைக்கடிகாரங்கள்தான் இருந்தன. சத்தியசீலன் எண்ணியதையே மறுபடி எண்ணினார். நடுக்குழி காலி.

"துரை கடிகாரம் போச்சி," என்றார். கல்யாண வீட்டுக்குக் கட்டிய வேட்டியைக்கூட அவர் இன்னும் மாற்றவில்லை.

அவருடைய கொழுந்தியாள் மோகனா செனாவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரச் சோதனை செய்பவள். பதினாறு வருடமாக மயிரளவு விரிசல்களைத் தேடித் தேடிப் பழகிய கண். வேலையிடத்துப் பழக்கத்தில் முதலில் கைப்பேசியை எடுத்துப் பெட்டியைப் படம் பிடித்தாள். பிறகுதான் கேட்டாள்.

"கடைசியா எப்ப பாத்தீங்க அத்தான்?"

"காலையில ஆறு நாப்பதுக்கு. போட்டோ இருக்கு."

வெளியே கிளம்பும்போதெல்லாம் பெட்டியைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது இரண்டு வருடமாக அவர் வழக்கம். காலைப் படத்தில் பன்னிரண்டும் இருந்தன. எல்லாமே பக்கத்துத் திருகைச் சுற்றி ஓட விடும் பழைய ரகம். பன்னிரண்டும் நின்றுபோய், ஆளுக்கொரு நேரம் காட்டின.

மோகனா குனிந்து பெட்டியருகே காதை வைத்தாள். மூலையில் இருந்த நீல முகக் கடிகாரத்தின் வினாடி முள் நகர்ந்துகொண்டிருந்தது. அது 9.40 காட்டியது.

"இது ஓடுதே?"

"நான் எதையும் ஓட விடறதில்ல. ஓடினா தேயும், வெல குறையும்," என்றார் சத்தியசீலன். அவர் கவனம் முழுக்கக் காலிக் குழிமேல்தான்.

மந்தினுக்குப் பக்கத்தில் புக்கிட் கெலுவாங் தோட்டத்தை ஒட்டிய வீடு அது. கொல்லைப்புற வேலியைத் தாண்டினால் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். சத்தியசீலன் அந்தத் தோட்டத்தில் முப்பது வருடம் கிராணியாக, அதாவது கணக்கெழுதுபவராக, இருந்து ஓய்வு பெற்றவர். காலை ஏழு மணிக்கு மோகனாவோடு எல்லோரும் போர்டிக்சனுக்குக் கல்யாணத்துக்குப் போய் இப்போதுதான் திரும்பியிருந்தார்கள். கதவுப் பூட்டு உடையவில்லை. பெட்டி இருந்த அலமாரியின் பூட்டும் உடையவில்லை. வீட்டின் மாற்றுச் சாவி பின்பக்கம் பழுதாகிக் கிடக்கும் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் இருக்கும். அலமாரிச் சாவி சாமிப் படத்துக்குப் பின்னால்.

"வீட்டாளுங்கள விட்டா இது யாருக்குத் தெரியும்?"

அக்காள் தனலெட்சுமிதான் பதில் சொன்னாள். "மூணு பேரு. அவரோட தங்கச்சி மவன் புனிதன், இன்னிக்கு நாய்க்குச் சோறு வைக்க வரச் சொல்லியிருந்தோம். மந்தின் வண்டிப் பட்டறை திருச்செல்வம் அண்ணன். அப்புறம் சிரம்பான்ல கடிகாரம் பழுது பாக்கற ஜபருல்லா பாய். போன வாரம் வந்தப்ப அவரு முன்னாலதான் ரெண்டு சாவியையும் எடுத்தாரு இவரு."

"புனிதன்தான்," என்றார் சத்தியசீலன். "ஒரு கடிகாரத்த வித்தா என் கல்யாணமே முடிஞ்சிரும் மாமான்னு சொன்னவன்தானே."

"அது வெளையாட்டுக்குச் சொன்னதுங்க," என்றாள் தனலெட்சுமி.

ஆனால் அதற்குள் அவர் கைப்பேசியில் புனிதனை அழைத்துவிட்டார். 'திருடன்' என்ற சொல்லை இரண்டு முறை சொன்னார். மறுமுனையில் ஒலிபெருக்கி போட்டிருக்க வேண்டும். அவருடைய தங்கை அழும் சத்தம் கேட்டது.

மோகனா கைப்பேசியை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கினாள். "போலீசுக்கு நாளைக்கு சாயங்காலம் போகலாம் அத்தான். ஒரு நாள் எனக்குக் குடுங்க."

துரை கடிகாரத்தின் கதை அந்தக் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தோட்டத்தை ஆண்ட கடைசி வெள்ளைக்காரத் துரை, விடியற்காலைப் பெரட்டில் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஆட்களின் பேர் கூப்பிடுவாராம். ஒரு நிமிடம் பிந்தினாலும் அரைநாள் கூலி போயிற்று. ரப்பர் மரத்தில் பால் வெட்டிய சத்தியசீலனின் அப்பா அந்தக் கடிகாரத்துக்குப் பயந்தே வாழ்ந்தவர். துரை 1961இல் ஊருக்குக் கப்பல் ஏறியபோது அதைக் கங்காணியிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். கங்காணியின் பேரனிடமிருந்து திருச்செல்வம் வாங்கி, தன் நண்பர் சத்தியசீலனுக்குக் கொடுத்தாராம். தோட்ட வாழ்க்கை பற்றி சிரம்பானில் நடக்கவிருக்கும் கண்காட்சியில் அதை வைக்கக் கேட்டிருந்தார்கள். வரும் புதன்கிழமை ஜபருல்லா அதைத் திறந்து, உள்ளே இருக்கும் எண்ணைப் பார்த்து அது எந்த வருடத்துக் கடிகாரம் என்று எழுதிக் கொடுப்பதாக ஏற்பாடு.

திங்கள், காலை 8.10. செனாவாங்.

மோகனா விடுப்பு எடுத்துக்கொண்டு, புனிதன் வேலை பார்க்கும் தொழிற்சாலை வாசலில் அவனைப் பிடித்தாள். அவன் மோட்டாரை விட்டு இறங்கவில்லை.

"நேத்து எத்தனை மணிக்குப் போன?"

"ஏழரைக்கு. நாய்க்குச் சோறு வச்சேன். வீட்டுக்குள்ள போகவே இல்ல அத்தை."

"அப்புறம்?"

"எட்டரைக்கு வேல. சாயங்காலம் நாலு வரைக்கும். கார்டு பாத்துக்குங்க."

பார்த்தாள். 8.26 உள்ளே, 4.03 வெளியே.

காலை 10.30. சிரம்பான்.

ஜபருல்லா கண்ணில் மாட்டிய பூதக்கண்ணாடியைக் கழற்றினார். "நேத்து காலையில பாசார்ல கடை விரிச்சிருந்தேன் தங்கச்சி. எங்கூட வீட்டுக்காரி மஜீதாவும்தான். ஒரு மணி வரைக்கும் நகரல. நூறு பேரு பாத்திருப்பாங்க."

"அந்தக் கடிகாரத்த நீங்க வெலைக்குக் கேட்டீங்களாமே?"

"கேட்டேன். தரமாட்டேன்னாரு. புதன்கிழம என் கையிலேயே வரப்போகுதே, தொட்டுப் பாத்தா போதும்னு இருந்தேன்."

"இதுக்கு முன்னால யாரும் தொறந்து பாத்ததில்லையா?"

"நாலஞ்சு தடவ நான் கேட்டிருக்கேன். தொறந்தா தூசி உள்ள போயிரும், வேணாம்னு திருச்செல்வம் தடுத்துருவாரு."

மோகனா கைப்பேசியில் இரண்டு படங்களையும் காட்டினாள். "இந்த நீலக் கடிகாரம். நின்னு கெடந்தது, தூக்கி வச்சதுல தானா ஓடியிருக்குமா?"

"ஆட்டுனா அஞ்சு நிமிசம் ஓடும் லா. மணிக்கணக்கா ஓடணும்னா யாராச்சும் திருகியிருக்கணும்."

திரும்பி வரும் வழியில் அவள் வண்டியை ஓரம் கட்டி, காலைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கண்டுபிடித்ததில் அவளுக்கு மகிழ்ச்சி ஒன்றும் இல்லை.

மாலை 4.30. மந்தின்.

பட்டறையில் வேறு யாரும் இல்லை. திருச்செல்வம் அவளுக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"செல்வம் அண்ணே, நேத்து கல்யாணத்துக்கு ஏன் லேட்டு? பந்தி முடியற நேரத்துக்குத்தான் வந்தீங்க."

"டயர் பஞ்சருமா."

"பட்டறைக்காரருக்குப் பஞ்சர் பாக்க ரெண்டு மணி நேரமா?"

அவர் கீழே கிடந்த திருகுச்சாவியை எடுத்து ஆணியில் மாட்டினார்.

"காலையில அத்தான் எடுத்த போட்டோவுல நீலக் கடிகாரம் நாலு அஞ்சுல நின்னிருக்கு. சாயங்காலம் அஞ்சு அஞ்சுக்கு நான் பாத்தப்ப ஒம்பது நாப்பது காட்டிச்சி. ஓடியிருக்கறது அஞ்சர மணி நேரத்துக்கு அஞ்சு நிமிசம் கூட. அப்படின்னா பதினொன்னரைக்கு அத யாரோ திருகியிருக்காங்க. அந்த நேரத்துல புனிதன் வேலையில, பாய் பாசார்ல. உங்களத்தான் யாரும் பாக்கல."

"திருடறவன் எதுக்குமா இன்னொரு கடிகாரத்தத் திருகப் போறான்?"

"அதேதான் நானும் யோசிச்சேன். விக்கறதுக்கு எடுக்கறவன் திருக மாட்டான். கடிகாரத்து மேல ஆசை இருக்கறவன் கைதான் அப்படிப் போகும். அந்தக் கடிகாரத்தத் தொறக்கக் கூடாதுன்னு இத்தன வருசமா தடுத்தது நீங்க ஒருத்தர்தான். புதன்கிழம தொறக்கப் போறாங்க. எடுத்தது நீங்கதான் அண்ணே."

திருச்செல்வம் எழுந்து போய், கருவிப் பெட்டியின் அடித்தட்டிலிருந்து துணி சுற்றிய பொட்டலத்தை எடுத்து வந்தார்.

"இது துரை கடிகாரம் இல்லமா. ஈப்போவுல ஒரு பழைய சாமான் கடையில வாங்குனது. சத்தியாவோட அப்பா செத்து மூணு மாசமா அவன் யாருகூடவும் பேசல. என்ன பேசறதுன்னு எனக்கும் தெரியல. கைல இது இருந்திச்சி, இது அவங்கப்பன் தெனம் பயந்து பாத்த கடிகாரம்னு வாயில ஒரு கதை வந்திச்சி. அவன் அழுதான். அப்புறம்தான் சோறே தின்னான். ரெண்டு வருசம் கழிச்சி புத்தகத்துல பாக்கறேன், இந்த ரகம் வந்ததே துரை போயி பத்து வருசத்துக்கு அப்புறம்தான்."

"நீலத்த ஏன் திருகுனீங்க?"

"பெட்டியத் தொறந்தா ஒரு சத்தமும் இல்ல. முன்ன ஞாயித்துக்கிழமன்னா நானும் அவனும் உக்காந்து பன்னெண்டையும் திருகி விடுவோம். வீடே கொசகொசன்னு பேசும். இப்ப செத்த வீடு மாதிரி இருந்திச்சி. கை தானா போயிருச்சி."

"புனிதன் மேல பழி விழுந்திருக்கு, தெரியுமா?"

அவர் முகம் வெளிறியது. நிச்சயமாக அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

மாலை 6.15. புக்கிட் கெலுவாங்.

மோகனா பொட்டலத்தைப் பிரித்து வைத்து, எதையும் விடாமல் சொன்னாள். சத்தியசீலன் கடிகாரத்தைத் தொடவில்லை.

"பதினோரு வருசம்," என்றார் கடைசியில். "பதினோரு வருசமா எங்கப்பன்னு நெனச்சி இதப் பாத்துக்கிட்டிருந்தேன்."

பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, தங்கை வீட்டுக்கு வண்டியை விடச் சொன்னார்.

புனிதன் வெளிவாசலில் நின்றே கேட்டான். அவர் மன்னிப்புக் கேட்டு முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. "சரி மாமா. ஆனா அம்மா இன்னிக்கி ஒங்களப் பாக்க வேணாங்கறாங்க. கொஞ்ச நாளு ஆவட்டும்," என்று சொல்லிவிட்டுக் கதவை மெதுவாகச் சாத்தினான்.

இருவரும் வண்டியில் ஏறினார்கள். செம்பனை லாரி ஒன்று எதிரே வந்து கடந்து போனது.

"இன்னும் இதெல்லாம் சேக்கணுமா அத்தான்?" என்று கேட்டாள் மோகனா. குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பினாள்.

சத்தியசீலன் சன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டார். "சேத்தப்ப நல்லாதாம்மா இருந்திச்சி. ஒரு கடிகாரம் கெடச்சா அத வச்சி ஒரு வாரம் பேசுவோம். யாரு கட்டியிருப்பா, எந்தக் கையில இருந்திருக்கும்னு. வெல ஏறுதுன்னு கேள்விப்பட்ட நாளுலேர்ந்து நான் காவக்காரனா போயிட்டேன். காவக்காரனுக்கு எல்லாரும் திருடனாத்தான் தெரியும்."

சந்திப்பு வந்தது. வீட்டுக்கு இடப்பக்கம் திரும்ப வேண்டும்.

"நேரா போ. மந்தினுக்கு."

"திட்டப் போறீங்களா?"

"திட்டத்தான் போறேன்," என்றார் அவர். பிறகு வேறு குரலில் சொன்னார்: "அப்புறம், அந்த ஈப்போ கடைக்காரன் இத யாருகிட்ட வாங்குனான்னு கேக்கணும்."