தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு

டேனியலின் கழுத்து பாதி அறுந்திருந்தது.

காலை பத்தரை. சோரியாங்குப்பத்துக் கரும்புத் தோட்டம். வரப்போரம் அவன் பைக் மட்டும் தனியாக நின்றது. அதைப் பார்த்துத்தான் அம்சவள்ளி தன் ஸ்கூட்டியை நிறுத்தி உள்ளே வந்தாள்.

அவன் பக்கத்தில் மண்டியிட்டாள்.

இருபது நிமிடத்துக்கு முன்பு போனில் பேசியவன்!

“அக்கா, தேவி கொயந்தைக்கு மூணு நாளா ஜொரம். கார்டுல பாத்தா தெனமும் தொண்ணூத்தெட்டு புள்ளி நாலுன்னு கீது. அவ எழுதன கார்டை யாரோ கிழிச்சிட்டு வேற எழுதியிருக்காங்க.”

“இன்னா சொல்ற டேனியல்?”

“சிரப் குடுத்து இப்ப எறங்கியிருக்குது. ஆனா தெர்மாமீட்டரை ஆன் பண்ணா கடைசியா எடுத்த நம்பரைக் காட்டும்ல? நூத்திநாலு நிக்குதுக்கா. எடுத்துக்குனு வரேன். சார்கிட்டயும் சொல்லிட்டேன்.”

ஃப்ளூ தடுப்பூசி கைக்குழந்தைகளுக்குப் பாதுகாப்பானதா என்று பார்க்கும் ஆராய்ச்சி. இருவரும் அதில் கள ஊழியர்கள். ஊசி போட்ட ஏழு நாளும் தாய் ஜுரம் பார்த்துக் கார்டில் எழுத வேண்டும். இவர்கள் வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்க வேண்டும். கடும் ஜுரம் என்றால் டாக்டர்கள் ஆராய்ந்து முடிக்கும்வரை வேறு யாருக்கும் ஊசி கிடையாது.

நாளைக் காலை பாகூரில் இன்னும் நாற்பது குழந்தைகளுக்கு ஊசி. அத்தனை தாய்மாரிடமும் கையெழுத்து வாங்கியவள் அம்சவள்ளிதான். ‘உன்ன நம்பித்தான்க்கா போடறேன்’ என்று தேவி சொன்னது இப்போது நெஞ்சை அறுத்தது.

டேனியலின் மூடிய கையைப் பிரித்தாள். உள்ளே தெர்மாமீட்டர். எடுத்துத் தன் பையில் போட்டாள்.

அவன் விரல்கள் இன்னும் சூடாக இருந்தன.

அப்படியென்றால்... வெட்டியவன் இங்கேதான் இருக்கிறான்!

கரும்புச் சோகை சரசரத்தது.

“குடுத்துடு அம்சவள்ளி.”

விஜயராஜ். அவர்களுடைய மேலதிகாரி. இஸ்திரி போட்ட சட்டையில் முழங்கைவரை ரத்தம். கையில் கரும்பு வெட்டும் கத்தி.

“சாதாரண ஜுரம்மா அது. அதுக்குப் போய் ஆராய்ச்சியையே நிறுத்தச் சொல்றான். நிறுத்தினா, சென்னையில எனக்குக் காத்திருக்கிற மேனேஜர் நாற்காலி என்னாவறது?”

“தேவி சொல்லுவா சார்.”

“படிக்காதவ, நம்பரைத் தப்பாப் பாத்துட்டான்னு நான் சொல்லுவேன். எடு.”

கத்தி முனை அவள் தொண்டைக்குழியைக் கீறியது. ரத்தம் ரவிக்கைக்குள் இறங்கியது.

பைக்குள் கை விட்டாள். எடுத்து நீட்டினாள்.

விஜயராஜ் அதை வாங்கி... தன் அக்குளில் செருகிக்கொண்டான். காலடியில் பிணம் கிடக்க, ஒரு நிமிடம் சாவகாசமாக நின்றான்.

பீப்... பீப்...

“தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. எனக்கு ஜுரமே இல்ல. பழைய நம்பர் அழிஞ்சிடுச்சு பாத்தியா? டேனியலுக்குக் கத்தி தேவைப்பட்டுது. உன் சாட்சிக்கு என் அக்குளே போதும்.”

சொல்லிவிட்டு ரசித்துச் சிரித்தான். சிரிக்கிறவனுக்குக் கண் சுருங்கும். அவளுக்கு அந்த ஒரு நொடி போதும்.

கை மறுபடி பைக்குள் போனது. குழந்தைகளைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் தராசு. அதன் இரும்புக் கொக்கி...

வீசினாள்!

கொக்கி அவன் கன்னத்தைத் துளைத்து வாய்க்குள் புகுந்தது. பல் ஒன்று தெறித்தது. அவன் கத்தி சுழன்று அவள் தோளைப் பிளந்தது. அம்சவள்ளி விடவில்லை. இரண்டு கையாலும் தராசைப் பிடித்து இழுத்தாள். முள் இருபத்தைந்து கிலோவைத் தொட்டு நின்றது. விஜயராஜ், தான் வெட்டிய டேனியல் மேலேயே குப்புற விழுந்தான்.

அவன் போட்ட அலறலில் கரும்பு வெட்டும் ஆட்கள் ஓடி வந்தார்கள்.

மறுநாள். ஆஸ்பத்திரி.

விஜயராஜுக்கு முகத்தில் கட்டு, கையில் விலங்கு. எதிரே இன்ஸ்பெக்டர் புகழ்வேந்தன். பக்கத்தில், தோளில் தையலோடு அம்சவள்ளி.

“சாட்சிதான் அழிஞ்சிடுச்சே...” கட்டுக்குள்ளிருந்து முனகினான்.

“நீங்க அக்குள்ல வெச்சது என்னோடது சார். எல்லாருக்கும் ஒரே மாடல்தானே குடுத்தீங்க? டேனியல் கையில இருந்தது என் பையிலயே இருந்துச்சு. நூத்திநாலு. இன்ஸ்பெக்டர் பாத்துட்டாரு.”

“கொழந்தை பொழைச்சிடுச்சு,” என்றார் புகழ்வேந்தன். “சிறுநீர்ல கிருமியாம். இன்னிக்குப் போட வேண்டிய ஊசியெல்லாம் நிறுத்தியாச்சு. உங்க ஆராய்ச்சியில பாதிப் பேருக்குத் தடுப்பூசி, மீதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணி. யாருக்கு எதுன்னு உனக்கே தெரியாது, இல்ல? நேத்து டாக்டருங்க ரகசியப் பட்டியலைப் பிரிச்சாங்க.”

விஜயராஜ் எழுந்து உட்காரப் பார்த்தான்.

“தேவி கொழந்தைக்குப் போனது உப்புத்தண்ணிய்யா. நீ ஒழுங்காச் சொல்லியிருந்தா நாலு நாள்ல ஆராய்ச்சி மறுபடி நடந்திருக்கும். நாற்காலியும் கெடைச்சிருக்கும்.”

உப்புத்தண்ணிக்காகவா டேனியல் செத்தான்? அம்சவள்ளிக்கு அழுகை முட்டியது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கட்டிலில் விஜயராஜின் உடம்பு வெடவெடவென்று உதறியது. அவள் புதிய தெர்மாமீட்டர் ஒன்றை எடுத்து அவன் அக்குளில் வைத்தாள்.

பீப்... பீப்...

“நூத்தி மூணு சார்,” என்றாள். “இதை அப்படியே எழுதட்டுமா... இல்ல, தொண்ணூத்தெட்டு புள்ளி நாலுன்னு போட்டுடட்டுமா?”