கண்ணில்லாத கிளை

புட்டியிலிருந்த மீனின் வயிறு ஒட்டிப் போயிருந்தது. காலையில் குஞ்சுகளோடு புடைத்திருந்த வயிறு. மூடியில் வைத்த அரக்கு உடையவில்லை, ஸ்பிரிட்டில் ஒரு துணுக்குகூட மிதக்கவில்லை.

எந்த உயிர் எந்த வம்சத்திலிருந்து கிளைத்தது என்று ஆராய்வது அவன் தொழில். ஒரு பாழுங்கிணற்றுக்கு அடியில் ஊற்று நீரின் இருட்டில், கோடி வருஷங்களுக்கு முன்பே மற்ற மீன்களைவிட்டுப் பிரிந்து, கண்ணையும் நிறத்தையும் இழந்து, ஒட்டுறவு இல்லாமல் பிழைத்துக் கிடந்த இனம் அது. இந்தச் சினை மீனைப் பிடித்த கையோடு, வேறு யாரும் பங்குக்கு வந்துவிடக் கூடாதென்று, கிணற்றில் மூட்டை மூட்டையாக பிளீச்சிங் பவுடரைக் கொட்டினான் அந்தப் புண்ணியவான். மிச்ச மீன்களெல்லாம் செத்து வெள்ளையாக மிதந்தன. அந்தக் கிளை அற்றுப்போனது என்று கட்டுரை எழுதிக் கைதட்டலும் வாங்கினான். கொட்டியதை மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை, மனைவியிடம்கூட.

அவளுக்கு இப்போது எட்டாம் மாதம். கல்யாணமாகி வெகுகாலம் ஏங்கி, இனி இல்லை என்று கைவிட்ட பிறகு தங்கிய பிள்ளை.

அறையைவிட்டு வெளியே வந்தான். பொழுது சாய்ந்தும் வீட்டில் விளக்கேற்றவில்லை. குளியலறைப் பக்கமிருந்து குழாய் சொட்டும் சத்தமும், அதற்கு நடுவே ஈர உதடுகள் பிரிந்து பிரிந்து ஒட்டுவது போன்ற மெல்லிய ஓசையும், தொண்டையைக் கரிக்கும் பிளீச்சிங் பவுடர் நெடியும் கூடத்து இருட்டில் கலந்து வந்தன. குளியலறைக் கதவைத் தள்ளினான்.

தொட்டித் தண்ணீரில் அவள் அமர்ந்திருந்தாள்.

"லைட்டப் போடட்டுமா?"

"எதுக்குங்க? இவனுக்குத்தான் கண்ணே இல்லையே."

சுவிட்சைத் தட்டினான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நெடி அவள் மூச்சிலிருந்து வந்தது.

கருவில் நமக்கும் மீனின் செவுளைப் போலக் கழுத்தில் மடிப்புகள் உண்டு, சீக்கிரமே தூர்ந்துவிடும். வருஷா வருஷம் வகுப்பில் அவன் சிரிக்கச் சிரிக்கச் சொல்லும் பாடம். தூர்ந்திருக்க வேண்டும். எப்போதோ.

அவன் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள்.

"கிணத்துல கொட்டினீங்களே, இவனுக்கும் கொட்டுவீங்களா?"

உதை இல்லை. துடிப்பு இல்லை. தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கழுத்து. இருபுறமும் மடிப்புகள்.

திறந்தன. மூடின. திறந்தன.

அவன் கையை அவள் விடவில்லை.