கைக்கு வருமுன்

வேலையால் வந்த துசியந்தி கோட்டைக்கூடக் கழற்றாமல் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். கேத்திலைத் தொட்ட கை தானாகப் பின்வாங்கியது. சூடாக இருந்தது. விடிய மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, லண்டன் டூட்டிங் கடைவீதியில் ஒரு பலசரக்குக் கடையின் பின்னறையில் கறிவேப்பிலை கட்டிப் பைகளில் போட்டுவிட்டு இப்போதுதான் வீடு திரும்புகிறாள். வீட்டில் வேறு ஒருவரும் இல்லை. அவளும் ஆறு வயதுச் சாருஜாவும் மட்டும்தான்.

பழைய கேத்தில், சூட்டைப் பிடித்து வைத்திருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நம்பவில்லை, ஆனால் மகளைக் கூட்டிவரும் நேரமாகிவிட்டது, நின்று யோசிக்க வசதியில்லை.

அன்றைக்கு அரசாங்கம் தருகிற பெனிபிட் காசு வந்திருந்தது. வந்தது என்பதைவிட மிஞ்சியது என்பதுதான் சரி. கரண்ட், தண்ணீர், பழைய வாடகைப் பாக்கி எல்லாவற்றுக்கும் அவர்களே முன்னதாக வெட்டிவிடுவார்கள். விருந்து முடிந்தபின் வந்தவளுக்குச் சட்டி வழிப்பதுபோல மிச்சம் அவள் கணக்கில் விழும். இந்த முறை கரண்டுக்கு வெட்டியது வழக்கத்தைவிடக் கூட. ஒரு ஹீட்டரைப் போடவே பயந்து, பிள்ளைக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுவிட்டு, தான் போர்வைக்குள் இருக்கிற வீட்டில் அவ்வளவு கரண்டை யார் எரிக்கிறார்கள்?

கரண்ட் பில்லில் இரண்டு பெயர்கள். அவளுடைய பெயருக்கு மேலே ஜெனோசனுடைய பெயர். அவன் பிரான்சிலிருந்து வந்து கட்டட வேலை செய்துகொண்டிருந்தவன். பாங்கில் கணக்குத் திறக்க விலாசத்தோடு ஒரு பில் வேண்டுமென்று வந்து கேட்டான், அவன் பெயரையும் சேர்த்தாள். எங்கள் சனம் ஒருவருக்கொருவர் செய்கிற உதவிதான், அதை ஒரு விசயமாகக்கூட யாரும் நினைப்பதில்லை. அவளுக்கும் அவனிடம் ஒரு தேவை இருந்தது. புருசன் விட்டுவிட்டுப் போனபின், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கூட்டிப்போக இரண்டாவது ஆளின் பெயர் கேட்டார்கள். லண்டனில் அவளுக்கென்று சொல்ல ஆளில்லை. அவன் பெயரைக் கொடுத்தாள்.

அவன் அந்த வீட்டில் ஒரு இரவும் தங்கியதில்லை. கடிதம் எடுக்க வருவான், சீமெந்து காய்ந்த சப்பாத்தோடு வாசலிலேயே நிற்பான், உள்ளே வரமாட்டான்.

"உங்கட வீடுதானே தம்பி. தேத்தண்ணி எண்டாலும் எடுங்கோவன்."

"இப்ப வேண்டாமக்கா. பிறகு எடுக்கிறன்."

ஒவ்வொரு முறையும் அதே பதில். போன வருடம் வேலைத்தலத்தில் சாரம் சரிந்து விழுந்து செத்துப்போனான். பெட்டிக்குள் அவன் முகத்தைப் பார்த்து, அவளும் பூப் போட்டாள். பிரான்சிலிருந்து வந்த தமையன் சாம்பலையும் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். பில்லில் பெயரை எடுக்க அவளுக்கு நினைவு வரவில்லை.

கேத்திலுக்குப் பிறகு குளியலறை. வேலையால் வந்து கதவைத் திறந்தால் கண்ணாடியில் ஆவி படிந்து துளித்துளியாக வழிந்துகொண்டிருக்கும், தரைவிரிப்பு பாதத்துக்கடியில் ஈரமாகக் கசியும், குழாய் இப்போதுதான் யாரோ இறுக்கி மூடியதுபோலக் கடைசிச் சொட்டை விட்டுவிட்டு அடங்கும், சவர்க்கார வாசனைக்கு அடியில் நனைந்த சீமெந்தின் மணம், மழைக்காலக் கட்டடங்களைக் கடந்து போகும்போது வருகிற அந்தப் பச்சை மணம், மூக்கின் உள்ளே ஒட்டிக்கொண்டு போகாமல் கிடக்கும். சோற்றுப் பானையைத் திறந்தால் ஒரு ஓரத்தில் அகப்பையால் அளவாக அள்ளிய பள்ளம். தேத்தண்ணியை ஊற்றிவிட்டுச் சீனிக்குத் திரும்பினால் கோப்பையில் ஒரு வாய் குறைந்திருக்கும். அவள் குடிக்குமுன்பே.

பூட்டை மாற்றினாள். அந்தக் காசுக்கு ஒரு கிழமை மரக்கறி வாங்கியிருக்கலாம். ஒன்றும் மாறவில்லை.

கரண்டுக் கொம்பனிக்குப் போன் எடுத்தாள். ஆங்கிலத்தில் கதைக்கத் தெரியும். ஆனால் பயம் வந்தால் ஆங்கிலம் முதலில் போய்விடும். மொழிபெயர்க்க ஒரு இந்தியத் தமிழ்ப் பெண்ணை இணைப்பில் போட்டார்கள்.

"என்ர காசில வெட்டுறதை நிப்பாட்டச் சொல்லுங்கோ பிள்ளை. நாங்கள் அவ்வளவு பாவிக்கேல்லை."

அந்தப் பக்கம் கதைத்துவிட்டு அவள் திரும்பி வந்தாள். "மேடம், போன வாரம் உங்க நம்பர்லேருந்தே ஒரு ஜென்டில்மேன் பேசியிருக்காராம். வழக்கமா எடுக்கறதைவிட இன்னும் கொஞ்சம் கூட எடுத்துக்கலாம்னு சம்மதம் சொல்லியிருக்காராம்."

"எந்த ஜென்டில்மேன்?"

"பில்லுல முதல் பேரு இருக்கே, அவர்தான். மிஸ்டர் ஜெனோசன்."

"அவர் செத்துப்போனார்."

மீண்டும் ஆங்கிலம். "சாரி சொல்றாங்க மேடம். டெத் சர்டிபிகேட் அனுப்பணுமாம். அதுவரைக்கும் அந்த அட்ரஸ்ல ரெண்டு பெரியவங்க இருக்கறதாத்தான் எடுத்துப்பாங்களாம்."

"அவர் இஞ்ச ஒருநாளும் இருக்கேல்லை."

"ஆமா மேடம், அதையும் சொல்லிட்டேன். பகல்லதான் மீட்டர் நிறைய ஓடுதாம்."

சர்டிபிகேட் கேட்க ஜெனோசனின் தமையனுடைய நம்பருக்கு எடுத்தாள். அந்த நம்பர் பாவனையில் இல்லை. சோபாவில் இருந்து சத்தம் வராமல் அழுதாள். பொலிசிடம் என்ன சொல்வது, கோயில் ஐயரிடம் என்ன சொல்வது? என் வீட்டில் ஒருவன் எனக்கு முன்னால் சாப்பிடுகிறான் என்றா?

அடுத்த நாள் அவளுக்குத் தெரிந்ததைச் செய்தாள். குளித்து, சோறும் கத்தரிக்காய்க் கறியும் சமைத்து, வாழையிலைக்கு வழியில்லாமல் நல்ல தட்டில் படைத்தாள். பக்கத்தில் சூடான தேத்தண்ணி. அவன் நிற்கிற அதே வாசலில் வைத்து, "எடுத்துக்கொண்டு போ தம்பி. அக்காவை விட்டிடு" என்றாள்.

வேலையால் வந்தபோது தட்டு வைத்தபடியே இருந்தது. தேத்தண்ணியில் ஆடை படிந்திருந்தது. ஒரு பருக்கை குறையவில்லை. ஆனால் அவள் தனக்கென்று பானையில் மூடி வைத்த சோறு பாதி.

அவள் கையால் கொடுத்தால் அவனுக்கு வேண்டாம்.

அன்று இரவு சாருஜாவைப் படுக்கவைத்துவிட்டு வழக்கம்போல் முத்தத்துக்குக் கன்னத்தை நீட்டினாள். பிள்ளை சிணுங்கிக்கொண்டு திரும்பிப் படுத்தது.

"இப்பத்தானே தந்தனான் அம்மா. டூ டைம்ஸ் ஏலாது."

"ஆருக்குத் தந்தனீங்கள்?"

பிள்ளை நித்திரையாகிவிட்டது. அதன் கன்னத்தில் ஒரு விரல் அகலத்துக்குச் சாம்பல் நிறத் தூள். துசியந்தி அதைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது.

மறுநாள் கடையில் ஆள் குறைவென்று முதலாளி அவளைப் பின்னேரமும் நிற்கச் சொன்னார். மறுக்க முடியவில்லை. சாருஜா பள்ளி விட்டபின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிளப்பில் இருப்பாள், அது மூட முன்னர் போய்க் கூட்டிக்கொள்ளலாம். கறிவேப்பிலையை ஈரத் துணியிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தாள், காம்பு முறியும் சத்தமும் குளிர்பெட்டியின் இரைச்சலும் முன்கடையில் யாரோ மீனுக்கு விலை கேட்கிற சத்தமும் ஒன்றாகக் கலந்து தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தன, அதற்கிடையில் ஒரு நினைப்பு மெல்ல வந்து நின்றது. காசு அவளுக்கு வருமுன் எடுபடுகிறது. தண்ணீர், சோறு, தேத்தண்ணி, முத்தம், எல்லாம் அவளுக்கு வருமுன்.

இனி அவளுக்கென்று வருவது என்ன?

கையிலிருந்த கட்டு விழுந்தது. கோட்டை எடுக்கவில்லை. ஓடினாள்.

மழை. பேருந்துக்கு நிற்க மனமில்லை. நாலு மணிக்கே இருட்டிவிட்டிருந்தது. பள்ளிக்கூட வாசலில் மூச்சு வாங்க நின்றாள். கிளப்பில் வேலை செய்கிற ஷெறோன் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இங்கே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"அன்ரி, சாருஜாவைக் கூட்டிக்கொண்டு போயாச்சே."

"ஆர்?"

"மிஸ்டர் ஜெனோசன். லிஸ்ட்டில பேர் இருக்குத்தானே. பிள்ளையை விடுறதுக்குக் கேக்கிற பாஸ்வேர்டும் கரெக்ட்டாச் சொன்னவர்." அவள் தரையைக் காட்டினாள். "சப்பாத்தெல்லாம் சீமெந்து. இப்பத்தான் மொப் பண்ணினனான்."

அது துசியந்திக்குக் கேட்கவில்லை. ஓடிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் மாடி. கீழிருந்தே தெரிந்தது. அவள் வீட்டு ஜன்னல்கள் எல்லாவற்றிலும் வெளிச்சம். அவள் ஒருநாளும் அப்படி எரியவிட்டதில்லை.

படிகள். சாவி. கதவு திறந்தது.

வெப்பம் முகத்தில் அடித்தது. எல்லா ஹீட்டரும் ஓடிக்கொண்டிருந்தன. சீமெந்து மணம். வாசலில் சாருஜாவின் சின்னச் சப்பாத்து. பக்கத்தில், ஒழுங்காக, பெரிய சப்பாத்து ஒரு சோடி. இரண்டும் ஈரம்.

"சாருஜா."

குசினி மேசையில் பிள்ளை இருந்தாள். முழுசாக இருந்தாள். கை, கால், பின்னல், ரிப்பன். துசியந்தி விழுந்து கட்டிப்பிடித்தாள். முகம், தலை, விரல்கள், எல்லாவற்றையும் தடவிப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. கடவுளே, எல்லாம் இருந்தது.

"அம்மா வந்திட்டன் குஞ்சு. கதையுங்கோ. என்ன நடந்தது?"

பிள்ளை வாயைத் திறந்தாள். உதடுகள் அம்மா என்று அசைந்தன. சத்தம் வரவில்லை. மீண்டும் அசைந்தன. தொண்டை நரம்பு புடைத்தது. கண்ணால் நீர் வழிந்தது. காற்றுக்கூட வரவில்லை.

குளியலறையில் குழாய் நின்றது.

மூடிய கதவுக்குப் பின்னால், ஆவிக்குள்ளிருந்து, சாருஜாவின் குரல் கேட்டது. தெளிவாக. செல்லமாக.

"இவ்வளவும் போதுமக்கா. மிச்சத்தைப் பிறகு எடுக்கிறன்."