முகப்பு மனை

"அந்தப் பானையக் கீழ வைடி! என் புள்ள வராத எடத்துல நீ மட்டும் போயி பால் காய்ச்சிடுவியா?"

மாமியார் வீராயியின் குரல் அந்த வாடகை வீட்டின் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனது. தையல்நாயகி பானையைக் கீழே வைக்கவில்லை. மஞ்சள் தடவி, குங்குமப் பொட்டை நிதானமாக இட்டாள்.

கலியமூர்த்தி வாட்ச்மேன் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். மூலக்குளத்தை ஒட்டிய புது நகரில் இன்று தெருத் திறப்பு. முப்பது குடும்பமும் ஒரே வேளையில் அவரவர் காலி மனையில் பால் காய்ச்சப் போகிறது. அவருக்கு மட்டும் சேதராப்பட்டுக் கம்பெனியில் வேலை நாளாம்!

"ஏங்க... இன்னிக்கு ஒரு நாளாச்சும்..."

"நீ தானம் பண்ண தெருவுல நான் நடந்து வரணுமா?" மூன்று மாதத்தில் அவர் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். "மெயின் ரோட்டு மனை... அங்க ஒரு மளிகைக் கடையப் போட்டுட்டு இந்தச் சட்டையக் கழட்டிக் கடாசிடலாம்னு இருந்தேன். ஊருக்கு நல்லவளாவணும்னு என்னைக் கேக்காமக் கையெழுத்துப் போட்டுட்டு வந்தியே!"

தையல்நாயகிக்குக் கண் கலங்கியது. ஆனாலும் குரல் கலங்கவில்லை.

"நான் போறேங்க. நீங்க வந்தாலும் பால் பொங்கும், வராட்டியும் பொங்கும். வந்தீங்கன்னா எனக்கு சந்தோஷம்."

பானையோடு கிளம்பிவிட்டாள். அவள் சொல்லாமல் விழுங்கிய சங்கதி ஒன்று உண்டு. அதைச் சொன்னால்தான் கதை புரியும்.

துணி மில் மூடிய பிறகு, அதில் வேலை பார்த்த முப்பது தறிக்காரர்கள் சேர்ந்து ஒரு வயலை வாங்கினார்கள். ரோட்டுப் பக்கம் வாய் குறுகி, உள்ளே வயிறு அகன்ற வயல். மனை பிரித்துப் படம் போட்டவன் கலியமூர்த்தியின் தம்பி ராஜாங்கம். இருபது வருஷம் தறிகளுக்கு நடுவே நடந்த கால் அல்லவா? இரண்டு வரிசை மனைகளுக்கு நடுவே, தறிச் சந்து மாதிரியே நாலடி வழி விட்டான்! மற்றவர்களும் அதே மில்காரர்கள்தானே, ஒருவருக்கும் உறுத்தவில்லை. குலுக்கலில் மெயின் ரோட்டை ஒட்டிய ஒரே முகப்பு மனை தையல்நாயகி பேருக்கு விழுந்தது.

இருபதடித் தெரு இல்லாமல் அனுமதி கிடையாது என்று நகராட்சியில் ராஜாங்கத்திடம் சொல்லிவிட்டார்கள். உள்ளே அவரவர் எல்லை முளைக்குச்சியைப் பின்னால் தள்ளிக்கொள்ளலாம். முகப்பில்? அந்த ஒரு மனையையே விட்டால்தான் தெரு. ராஜாங்கம் அண்ணி காலில் வந்து விழுந்தான். "முப்பது குடும்பத்தையும் நடுத்தெருவுல நிறுத்திட்டேன் அண்ணி... அண்ணனுக்குத் தெரிஞ்சா நான் உசுரோட இருக்க மாட்டேன்!" அவள் மறுநாளே முகப்பு மனையைத் தெருவுக்கு எழுதிக்கொடுத்துவிட்டு, கடைசியில், போர் குழாய் பக்கம் யாரும் சீந்தாமல் கிடந்த மனையை வாங்கிக்கொண்டாள். 'தெரு அகலமா இருக்கணும்னு அண்ணிதான் ஆசைப்பட்டுக் குடுத்தாங்க' என்று ராஜாங்கம் எல்லாரிடமும் சொல்லிவிட்டான். அவள் மறுக்கவில்லை.

நகரில் மேளம் அதிர்ந்தது. துணி மூடிய பலகையில் 'ராஜாங்கம் நகர்' என்று எழுதியிருப்பது எல்லாருக்கும் தெரியும். சின்ன மகனுக்கு மாலை விழுவதைப் பார்க்க வீராயி பெரிய மகனையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். மருமகளைக் கண்டதும் அவளுக்கு வாய் அடங்கவில்லை.

"பாத்தியாடி? ஊர உண்டாக்குனவன் என் புள்ள! குடும்பத்தக் கெடுத்தவ நீ!"

அப்போதுதான் முதல் செங்கல் லாரி திரும்பி உள்ளே வந்தது. தையல்நாயகியின் வாசற்படி இருந்திருக்க வேண்டிய இடத்தில் சக்கரம் ஏறி இறங்கியது. அவள் பானையை மார்போடு அணைத்து ஒதுங்கி நின்றாள். ராஜாங்கம் அதைப் பார்த்தான். கழுத்து மாலையைக் கழற்றி அண்ணன் காலடியில் போட்டான்.

"போதும்மா! அண்ணிய இனிமே ஒண்ணும் சொல்லாத! நாலடிச் சந்து விட்டுப் படம் போட்ட பாவி நான், அதுக்கு அனுமதியே கெடைக்கல... எனக்காகத்தான் அவங்க அந்த மனையவே குடுத்தாங்க. உண்மையச் சொல்ல எனக்கு இத்தனை நாளா தைரியமில்ல அண்ணே..."

மேளம் நின்றது. கூட்டத்தில் இரண்டு பேர் முறைத்தார்கள், ஆனால் தெரு என்னவோ அகலமாகத்தான் கிடந்தது. வீராயி தலையில் அடித்துக்கொண்டு மருமகளைக் கட்டிக்கொண்டாள். "என் வாய்ல மண்ணு விழ... என் தாயி!"

கலியமூர்த்தி அவள் பக்கத்தில் வந்து நின்றார். "ஏன் தையலு... என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லியிருந்தா மனைய நீங்களே குடுத்திருப்பீங்க. தம்பிய வீட்டுப் படி ஏத்தியிருக்க மாட்டீங்க."

அவர் பானையை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கடைசி மனைவரைக்கும் முன்னால் நடந்தார். மூன்று செங்கல் அடுக்கி, விறகு வைத்து, பாலை ஊற்றியாயிற்று. வாட்ச்மேன் சட்டைப் பையைத் துழாவினார்.

"தீப்பெட்டி எங்க?"

தையல்நாயகி மறந்துவிட்டிருந்தாள். மெயின் ரோடு வரைக்கும் ஓட வேண்டும். பக்கத்துப் போர் குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பாத்தீங்களா? முப்பது வீட்டுப் பொம்பளைங்களும் தெனம் தண்ணிக்கு இங்கதான் வரணும். ஒரு தீப்பெட்டிக்கு அம்மாந்தூரம் ஓடுவாங்களா? கடைய இங்க போடுங்க."

கலியமூர்த்தி குழாயைப் பார்த்தார், வரிசையில் நின்ற குடங்களைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். பிறகு வாட்ச்மேன் சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்துவிட்டு, பனியனோடு தீப்பெட்டி வாங்க ஓடினார்.